இரண்டாம் கியரில் எரியும் விளக்கு: பதினொரு வருடக் கப்சாயும் கேமரன் மலைச் சாலையும்

போன வாரம் என் கப்சாயின், அதாவது மலேசியாவில் எங்கும் ஓடும் சின்ன மோட்டார் சைக்கிளின், முன்விளக்கு வயரிங்கை மாற்றினேன். பதினொரு வருடமாக இந்த மோட்டாரோடு எனக்கு இருந்த ஒரே சண்டை அந்த விளக்குதான். அதே வாரம் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, லைசென்ஸ் எடுத்துட்டேன். ஓட்டிப் பார்க்க எந்த இடம் நல்லா இருக்கும்? உங்க பழைய மோட்டாரை எனக்குக் குடுப்பீங்களா?" என்றான். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில்தான் இருக்கிறது. அதைப் போனில் சொல்லி முடிக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

மோட்டாரைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. நூறு சிசி, நாலு கியர், கார்புரேட்டர், இரண்டு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். பேராக் மாநிலத்துப் பீடோரில் எந்தச் சாப்பாட்டுக் கடை வாசலிலும் இதே போல நாலைந்து நிற்கும். செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைக் குலை வெட்டப் போகிறவர்கள் நீளக் கம்பில் கட்டிய அரிவாளோடு போவதும் இதில்தான், பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் விடுவதும் இதில்தான். நான் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். எனக்கு லீவு பெரும்பாலும் வார நாளில்தான் வரும். அன்றைக்கெல்லாம் சாலை காலியாக இருக்கும். மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

சமதளத்தில் இந்த மோட்டாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பீடோரிலிருந்து லங்காப் வழியாகத் தெலுக் இந்தான் போகும் சாலை இரு பக்கமும் செம்பனைதான், ஏற்றம் இறக்கம் கிடையாது. அறுபதில் வைத்துக்கொண்டால் எஞ்சின் ஒரே சீராகப் பாடிக்கொண்டு வரும். தெலுக் இந்தானில் 1885-இல் கட்டிய சாய்ந்த கோபுரத்துக்கு எதிரே ஒரு தேநீர் குடித்துவிட்டு, ஊத்தான் மெலிந்தாங் தாண்டி பாகான் டத்தோ வரை போய்விடுவேன். செம்பனை குறைந்து தென்னை வர ஆரம்பித்தாலே கடல் பக்கம் வந்துவிட்டது என்று தெரியும். பேராக் ஆறு கடலில் சேரும் இடம் அது. அங்கே உட்கார்ந்து வறுத்த வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு திரும்பினாலும் பயமில்லை. எஞ்சின் வேகம் குறையாத வரை விளக்கும் குறையாது.

அப்புறம் கேமரன் மலை. அந்தக் கோபுரம் எழுந்த அதே 1885-இல்தான் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் மேலே போய் அந்தப் பீடபூமியைப் பற்றி எழுதி வைத்தார். சாலை வருவதற்கு அதற்கப்புறம் நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது. தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தா வரை சுமார் அறுபது கிலோமீட்டர். சிம்பாங் பூலாய் பக்கமிருந்து வரும் புதிய சாலை அகலமானது, பெரிய மோட்டார் வைத்திருப்பவர்களுக்கும் காய்கறி லோரிகளுக்கும் அதுதான் வசதி. எனக்குப் பழைய தாப்பா சாலைதான் சாலை. ஊரைத் தாண்டியதும் ஆறு கூடவே வரும். குவாலா வோவுக்குத் திரும்பும் இடம் வரை வெயில் முதுகில் இருக்கும். அதற்கு மேலே மரங்கள் சாலையை மூடிக்கொள்ளும். மூங்கில் புதர் வளைந்து தலைக்கு மேலே தொங்கும். ஒரு வளைவில் ஈர மண் வாசனை வரும், அடுத்ததில் எங்கேயோ பூத்த பூவின் வாசனை. காருக்குள் உட்கார்ந்து போகிறவர்களுக்கு இதில் எதுவும் கிடைக்காது.

இருபது கிலோமீட்டருக்கு மேல் ஏறினால் லாத்தா இஸ்கண்டார் அருவி, சாலையோரமாகவே விழுகிறது. இன்ஜினுக்கும் எனக்கும் அங்கே ஓய்வு. அதைச் சுற்றியுள்ள ஒட்டுக்கடைகளில் பூர்வகுடி செமாய் மக்கள் பெத்தாய் என்ற அவரை மாதிரியான காய், காட்டுத் தேன், மூங்கில் குருத்து எல்லாம் விற்பார்கள். அதற்கு மேலே இரண்டாவது, மூன்றாவது கியர்தான், நாலாவதுக்கு வேலையே இல்லை. உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். கார்புரேட்டருக்கு அது தெரியாது, அதே அளவு பெட்ரோலையே ஊற்றிக்கொண்டிருக்கும். அதனால் ரிங்லெட் நெருங்கும்போது எஞ்சின் கொஞ்சம் மூச்சு வாங்கும். பழுது என்று நினைத்து ஸ்குருவைத் திருகிவிடாதே, கீழே இறங்கினால் தானாகச் சரியாகிவிடும். ரிங்லெட் அணைக்கட்டு ஏரியில் மண் சேர்ந்து, மழை நாளில் தண்ணீர் பால் கலந்த தேநீர் நிறத்தில் கிடக்கும். அதையும் தாண்டிப் போனால் தேயிலை. சரிவு முழுவதும் ஒரே பச்சை. அந்தக் காற்றுக்கு ஹெல்மெட் கண்ணாடியைத் திறந்துவிட்டு ஓட்ட வேண்டும்.

என் சின்னப் பாட்டி, அதாவது அம்மாவின் சித்தி, அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்தவர். அவர் இருந்த வரை நான் மலைக்குப் போனதற்கு முதல் காரணம் அவர்தான். சாப்பிடாமல் விடமாட்டார். சாப்பிட்டால் தேநீர் குடிக்காமல் விடமாட்டார். அப்படித்தான் நான் எப்போதும் இருட்டில் இறங்க வேண்டியதாயிற்று. விளக்கோடு சண்டை வந்ததும் அப்படித்தான்.

இந்த வகைப் பழைய மோட்டார்களில் முன்விளக்குக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை. எஞ்சினோடு சுற்றும் காந்தச் சக்கரத்துக்குள் இருக்கும் காயிலிலிருந்து (கம்பிச் சுருள்) நேராக வருகிறது. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் விளக்கு பளிச்சென்று எரியும், மெதுவாகச் சுற்றினால் மங்கும். 1992 முதல் நம் நாட்டில் மோட்டார்கள் பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் ஓட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அதற்கு இது தாராளமாகப் போதும். ஊருக்குள் இரவில் ஓட்டவும் போதும், தெருவிளக்கு இருக்கிறதே. ஆனால் மலையிலிருந்து இறங்கும்போது என்ன செய்வோம்? வளைவு வருகிறது, திராட்டிலை (ஆக்சிலேட்டரை) விடுகிறோம், பிரேக்கைப் பிடிக்கிறோம். அந்த நொடியில்தான் விளக்கு செத்துப் போகும். நேர்ச் சாலையில் நன்றாக எரிந்துவிட்டு, எந்த இடத்தில் கண் தெரிய வேண்டுமோ சரியாக அந்த இடத்தில் சாமி மாடத்து விளக்கு மாதிரி ஆகிவிடும். வளைவு முடிந்து திராட்டிலை முறுக்கியதும் மறுபடி பளிச். நூற்றுக்கணக்கான வளைவுகள் உள்ள சாலையில் இதைப் பொறுத்துக்கொண்டு இறங்குகிறவனுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும்.

ஒரு நவம்பர் மாலை. மழை விட்டிருந்தது, மூடுபனி இறங்கியிருந்தது. மூன்றாவது கியரில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் விளக்கு மங்கியபோது எதிரே மண் சரிந்து சாலையில் பாதி வரை கிடந்தது. அதைக் கடைசி நேரத்தில்தான் பார்த்தேன். விழவில்லை. ஆனால் அதற்கப்புறம் கை நடுங்கி, அருவிக் கடைப் பக்கம் நிறுத்தி உட்கார்ந்துவிட்டேன். பெத்தாய் மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு செமாய் மனிதர் என் விளக்கைப் பார்த்தார். அவருடையதும் இதே வகை மோட்டார், என்னுடையதைவிடப் பழையது. "கியர் டுவா, அபாங். கியர் டுவா" என்று இரண்டு விரலைக் காட்டினார். இரண்டாவது கியரில் இறங்கு அண்ணே என்றார், அவ்வளவுதான்.

செய்து பார்த்தேன். இரண்டாவதில் எஞ்சின் வேகமாகச் சுற்றியது, திராட்டிலை விட்ட பிறகும் விளக்கு எரிந்தது. எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தியதால் பிரேக்கைத் தொட வேண்டிய தேவையும் பாதியாகக் குறைந்தது. சத்தம் கொஞ்சம் அதிகம், வேகம் முப்பதுக்கு மேல் போகாது. அன்றிலிருந்து நான் அப்படித்தான் இறங்குகிறேன். அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை என்பது இன்னும் மனதில் இருக்கிறது.

ஆனாலும் எரிச்சல் போகவில்லை. ரிங்லெட்டிலிருந்து தாப்பா வரை இரண்டாவது கியரில் இறங்கினால் வீடு போய்ச் சேர எத்தனை மணி ஆகும் என்று நினைத்துப் பார். குறுக்கு வழி தேடினேன். முதலில் வாட் அதிகமுள்ள பல்பைப் போட்டேன். காயில் கொடுப்பது அதே அளவுதான், பெரிய பல்பு அதை இன்னும் சீக்கிரம் குடித்துவிட்டது. முன்பைவிட மங்கல், போதாததற்கு பல்பு ஹோல்டரும் உருகியது. பிறகு ஒரு கடையில் மலிவான எல்ஈடி வாங்கினேன். "அப்படியே மாட்டலாம்" என்றார்கள். மாட்டினேன். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது படபடவென்று கண் சிமிட்டியது. அந்த வெள்ளை வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி என் கண்ணிலேயே அடித்தது. இரண்டாம் நாளே கழற்றிவிட்டேன். பனி இருக்கும் மலைக்கு மஞ்சள் பக்கம் சாய்ந்த வெளிச்சம்தான் நல்லது.

போன வாரம் ஊர்ப் பட்டறை போர்மேன் (மெக்கானிக்) சரியான வேலையைச் செய்து கொடுத்தார். பட்டறைகளில் இதை ஃபுல் வேவ் என்பார்கள். காயிலின் எர்த்தைப் பிரித்தெடுத்து, அதற்கேற்ற ரெகுலேட்டர் போட்டு, வரும் மின்சாரம் முழுவதையும் பேட்டரிக்கு அனுப்பி, விளக்கைப் பேட்டரியிலிருந்து ரிலே வழியாக எடுப்பது. புதுப் பேட்டரியோடு 160 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. பதினொரு வருடத்துக்கு முன்னாலேயே செய்திருக்கலாம் என்று மனைவி சொன்னாள். அவள் சொன்னது சரிதான்.

சோதித்துப் பார்க்கவென்றே செவ்வாய்க்கிழமை மாலை ரிங்லெட் வரை ஏறி, ஏழரை மணிக்கு இறங்கினேன். விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், அருமை. நின்றாலும் எரிகிறது, வளைவிலும் எரிகிறது, ஓரத்துப் பள்ளமும் கல்லும் தெளிவாகத் தெரிகின்றன. மூன்றாவது கியரிலேயே சுகமாக இறங்கினேன். அருவிக்கு மூன்று நாலு கிலோமீட்டர் மேலே பிரேக் கருகும் வாடை வந்தது. முதலில் வேறு யாரோ லோரிக்காரர் என்று நினைத்தேன். பின்பிரேக்கை மிதித்தால் பெடல் தாழ்ந்து போகிறது, வண்டி நிற்கவில்லை. டிரம் சூடேறிவிட்டது. பதினொரு வருடத்தில் ஒரு முறைகூட இது நடந்ததில்லை. ஏனென்றால் மூன்றாவதில் தொடர்ந்து இறங்க அந்த விளக்கு என்னை விட்டதே இல்லை. மங்கும்போதெல்லாம் கால் தானாக கியரை இறக்கியிருக்கிறது. இருபது நிமிடம் ஓரமாக நிறுத்தி ஆறவிட்டேன். அந்த இருபது நிமிடமும் புது விளக்கின் மேல் எனக்கு வந்த கோபம் பழைய விளக்கின் மேல் வந்ததைவிடக் குறைவில்லை. அந்தக் கோபம் நியாயமில்லை என்று தெரியும். இருந்தாலும் வந்தது.

கிழக்கு மேற்கு நெடுஞ்சாலைக்கு ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன். கெரிக்கிலிருந்து ஜெலி வரை, 1982-இல் திறந்த சாலை, நூறு கிலோமீட்டருக்கு மேல் காடு. பண்டிங் பாலத்தின் மேலிருந்து தெமெங்கோர் ஏரியைப் பார்த்தபோது பேச்சே வரவில்லை. ஆனால் சின்ன டேங்க், கெரிக்கில் எண்ணெயை நிரப்பிக்கொண்டுதான் ஏற வேண்டும். யானை கடக்கும் பலகைகள் உள்ள சாலையில் பழைய விளக்கோடு பொழுது சாயும் வரை நிற்க எனக்குத் துணிவில்லை. புது விளக்கோடும் அங்கே இரவில் ஓட்டமாட்டேன், நீயும் ஓட்டாதே.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன் தம்பி. இடம், தாப்பா சாலை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காலையில் ஏறு, மூன்று மணிக்குள் இறங்கு, மதியத்துக்கு மேல் மழையை நம்பாதே. பள்ளி விடுமுறையிலும் சனி ஞாயிறிலும் தானா ராத்தா, பிரிஞ்சாங் பக்கம் கார்கள் நகராமல் நிற்கும், அப்போது போகாதே. மோட்டார் வாங்குவதென்றால் இந்த மாதிரி பழையதை வாங்காதே. முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும் பேட்டரி விளக்கும் உள்ள புதியது எதுவானாலும் இதைவிட நல்லது. மலைக்கு இது ஏற்ற வண்டியே இல்லை என்று பதினொரு வருடம் ஓட்டியவன் சொல்கிறேன்.

என்னுடையதைக் கொடுப்பேனா என்றால், மாட்டேன். வேறு எது வேண்டுமானாலும் கேள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. காலை ஆறரைக்குத் தாப்பா எண்ணெய் நிலையத்துக்கு வந்துவிடு. மழைக்கோட்டு எடுத்து வா. இறங்கும்போது நான் முன்னால் போவேன், நீ பின்னால் வந்து என் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு அதே கியரைப் போடு. அருவிக் கடையில் நிறுத்தி அந்தப் பெத்தாய்க்காரர் இன்னும் வருகிறாரா என்று விசாரிக்க வேண்டும்.