டப்பாவில் பெயர் அச்சடிக்கக் கொடுக்கிறவர்கள் கவனிக்க: காட்டிய மாதிரி ஒன்று, வந்த சாமான் வேறொன்று

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கஜு, தயிர், தேன், மிளகாய்த்தூள் என்று வீட்டில் செய்து விற்கிறவர்கள் தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் உங்கள் பெயரை அச்சடித்து, மூடியில் உள்ளே தெரிகிற ஜன்னலும் ஒட்டித் தருவதாகச் சொல்லி ஒருவர் இங்கே ஓடர் எடுத்துக்கொண்டு திரிகிறார். அவர் காட்டுகிற மாதிரி டப்பா ஒரு பிளாஸ்டிக், அனுப்புகிற சாமான் இன்னொரு பிளாஸ்டிக்.

ஏறாவூர்ப் பக்கத்தில் நாங்கள் சில பெண்கள் சேர்ந்து கஜு வறுத்து விற்கிறோம். பாசிக்குடாவுக்கு வருகிறவர்கள் பரிசாக வாங்கிப் போகிற மாதிரி நல்ல டப்பாவில் போடலாம் என்று, சீட்டுக் காசையும் சேர்த்துத்தான் பாதி முற்பணம் கொடுத்தோம். மீதியை லொறியில் சாமான் இறங்கும்போதே வாங்கிக்கொண்டார்கள்.

பெட்டியில் பார்க்க எல்லாம் அழகாகத்தான் இருந்தது. கஜுவைப் போடத் தொடங்கியதும் விரலில் இருந்த எண்ணெய் பட்டு எழுத்து அழிந்தது. நகத்தால் இலேசாகச் சுரண்டினால் பெயர் முழுவதும் தோலாக உரிந்து வந்தது. மூடியைக் கொஞ்சம் அழுத்தினால் ஜன்னல் கழன்று உள்ளே விழுந்தது. ஜன்னலைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருந்தது. அது சூப்பர் குளூ காயும்போது விடுகிற ஆவி படிந்த தடம். மூடியின் உட்பக்கத்தில் பசை வழிந்து காய்ந்து, மணமும் போகவில்லை. எனக்கு மிகவும் கோபம் வந்தது அங்கேதான். இது சாப்பாட்டுச் சாமான் போடுகிற டப்பா. பிள்ளைகள் தின்னப் போகிற கஜு. அதில் ஒன்றைக்கூட நாங்கள் கடைக்கு அனுப்பவில்லை.

ஓடர் எடுத்தவருக்குப் போன் எடுத்தபோது, “தங்கச்சி, எண்ணெய்க் கையோட பிடிச்சா எந்த மையும் போகும்தானே” என்றார்.

“அண்ணா, நீங்க தந்த மாதிரி டப்பா இப்பவும் எங்கட கையிலதான் இருக்கு. அதே எண்ணெய்க் கையால தேய்ச்சும் அதில போகல்லயே” என்றேன்.

அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவே இல்லை.

இரண்டு டப்பாவையும் கவிழ்த்துப் பார்த்தால் விஷயம் அடியிலேயே இருக்கிறது. மாதிரியின் அடியில் முக்கோணத்துக்குள் 6. வந்த சாமானில் இருப்பது 5. இது பிளாஸ்டிக் வகையைச் சொல்கிற இலக்கம்: 6 என்றால் பொலிஸ்டைரீன், 5 என்றால் பொலிப்புரொப்பிலீன். இலக்கம் இல்லாத டப்பா என்றால் ஒரு துண்டு வெட்டி வாளித் தண்ணீரில் போடுங்கள். பொலிப்புரொப்பிலீன் மிதக்கும், கட்டியான பொலிஸ்டைரீன் தாழும். நாங்களும் போட்டுப் பார்த்தோம், அப்படியேதான்.

கொழும்பில் அச்சுப் பட்டறையில் பல காலம் வேலை செய்த என் ஒன்றுவிட்ட அண்ணாதான் மீதியை விளங்கப்படுத்தினார். பொலிஸ்டைரீனில் மை நேரடியாகப் பிடிக்கும். பொலிப்புரொப்பிலீனில் தாமரை இலைத் தண்ணீர் மாதிரித்தான், மை மேலே கிடக்குமே தவிர ஒட்டாது. மேற்பரப்பில் மை எவ்வளவு பரவிப் பிடிக்கும் என்பதை டைன் என்கிற அளவில் சொல்வார்கள்; இதன் மேற்பரப்பு ஏறக்குறைய 30 டைன் அளவில்தான் இருக்கும். மை நன்றாகப் பிடிக்க 38க்கு மேலே வேண்டும். அதற்காக அச்சடிக்க முதல் டப்பாவை வாயு நெருப்புச் சுவாலையில் ஒரு கணம் சுழற்றி எடுப்பார்கள், இல்லாவிட்டால் கொரோனா என்கிற மின்முறையால் பதப்படுத்துவார்கள். பதப்படுத்தியதை நாட்கணக்கில் போட்டு வைத்தால் அந்தக் குணம் குறைந்துகொண்டே போகும், கெதியாக அச்சடித்துவிட வேண்டும். எங்கள் டப்பாக்களுக்கு அந்த வேலையே நடக்கவில்லை என்பது அவர் கணிப்பு. மை இறுகுவதற்காக அதோடு கலக்க வேண்டிய ஹார்ட்னரையும் கலக்காமல் விட்டிருக்கலாம் என்றார்.

ஜன்னலும் அதே கதை. பசை பிடிப்பதற்கான பிரைமர் என்கிற பூச்சை முதலில் பூசாமல் சூப்பர் குளூ பொலிப்புரொப்பிலீனைப் பிடிக்காது. ஜன்னலையும் மூடியையும் ஒரே பொலிப்புரொப்பிலீனில் செய்து, அதிர்வால் சூடாக்குகிற அல்ட்ராசோனிக் மெசினால் உருக்கி இணைப்பதுதான் முறை. பசையே தேவையில்லை.

பொலிப்புரொப்பிலீன் கூடாத சாமான் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஐஸ்கிரீம் டப்பா, பெயின்ற் வாளி எல்லாம் பெரும்பாலும் அதுதான், அவற்றில் படம் வருடக்கணக்கில் நிற்கிறது. செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் காசை மட்டும் எடுத்ததுதான் அநியாயம்.

ஓடர் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், மாதிரி எந்தப் பிளாஸ்டிக்கோ அதே பிளாஸ்டிக்கில்தான் சாமான் வரும் என்று இலக்கத்தோடு பில்லில் எழுதி வாங்குங்கள். எப்படிப் பதப்படுத்துகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அந்த இடத்தை விட்டுவிடலாம். பதம் போதுமா என்று சோதிக்கிற டைன் பேனா வைத்திருக்கிற பட்டறை என்றால் உங்கள் முன்னாலேயே கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள், கோடு முத்து முத்தாகச் சுருங்கினால் பதம் போதாது. அச்சடித்து ஒரு நாளாவது விட்டு, பிளேட்டால் குறுக்கும் நெடுக்கும் கீறி, செலோரேப் ஒட்டிச் சடக்கென்று இழுத்துப் பாருங்கள். மை ரேப்போடு வந்தால் மீதிக் காசு கொடுக்காதீர்கள்.

பில், வட்ஸ்அப் செய்தி, இரண்டு வகை டப்பா எல்லாவற்றையும் வைத்து மத்தியஸ்த சபைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். இப்போதைக்கு வெறும் டப்பாவில் ஸ்டிக்கர் ஒட்டித்தான் கஜு விற்கிறோம். இதே ஆளுக்கு முற்பணம் கொடுத்துவிட்டு இருக்கிறவர்கள், ஏற்கெனவே சாமான் வாங்கி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் செய்தி போடுங்கள். சேர்ந்து முறையிடலாம்.