இக்னீஷன் பூட்டுக்குக் கிராஃபைட் தூள்: இரண்டு மாதம் போட்டுப் பார்த்ததில்

இருபது வருடத்தைத் தாண்டிய கார் என்னுடையது. இன்ஜினில் குறையில்லை, பாடியில் துரு அங்கங்கே எட்டிப் பார்க்கிறது, அதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் ஆறேழு மாதமாக இக்னீஷன் பூட்டு மக்கர் பண்ண ஆரம்பித்தது. சாவி உள்ளே போகும், திரும்பாது. நூலளவு வெளியே இழுத்து, கொஞ்சம் ஆட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினால் திரும்பும். சில நாள் முதல் தடவையிலேயே திரும்பும், சில நாள் பத்து நிமிஷம் போராட வேண்டும். வண்டி ஓட்டத் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்து சாவியோடு மல்லுக்கட்டுவதைப் பக்கத்து வண்டிக்காரர் பார்த்துவிட்டுப் போவார்.

இதற்குக் கிராஃபைட் தூள் போடு என்று ஒருவர் சொன்னார். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் குழாய், நுனியில் ஊசி மாதிரி மூக்கு, அமுக்கினால் கருப்புத் தூள் புகை மாதிரி வரும். அவ்வளவுதான் பொருள். பென்சில் முனையில் இருக்கும் அதே கிராஃபைட், களிமண் கலக்காமல். இரண்டு மாதம் பயன்படுத்திவிட்டு எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தவறு. தூள் வாங்குவதற்கு முன்னால், எல்லாருடைய கராஜிலும் ஒரு டப்பா கிடக்குமே, துரு விடுவிக்கும் ஸ்ப்ரே, அதை எடுத்துப் பூட்டுக்குள் தாராளமாக அடித்தேன். அன்றைக்கே சாவி அருமையாகத் திரும்பியது. ஒரு வாரம் ராஜா மாதிரி இருந்தேன். மூன்றாவது வாரம் முன்பைவிட மோசம். காரணம் சிக்கலானதில்லை. அந்த ஸ்ப்ரேயில் பெரும்பகுதி ஆவியாகிப் போகிற கரைப்பான், அது பூட்டுக்குள் ஏற்கெனவே இருந்த கிரீஸையும் கழுவிவிட்டு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை மட்டும் விட்டுவிட்டுப் போகிறது, அந்தப் படலத்தில் தூசியும் பித்தளைத் துகளும் ஒட்டி நாளடைவில் பிசுக்காகிவிடுகிறது. ஸ்ப்ரே மேல் பழி போட மாட்டேன், போல்ட் கழற்ற இன்றும் அதைத்தான் எடுப்பேன். பூட்டுக்கு அது இல்லை.

பூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் இது புரியும். பெரும்பாலான கார்களின் இக்னீஷன் சிலிண்டரில், அதாவது சாவி நுழைந்து சுழலும் உருளையில், வரிசையாகச் சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள், ஒவ்வொன்றுக்கும் தலைமுடி மாதிரி ஒரு ஸ்பிரிங். சாவியின் பற்கள் எல்லாத் தகடுகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தால்தான் சிலிண்டர் சுழலும். அதில் ஒரே ஒரு தகடு பிசுக்கில் மாட்டிக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றாலும் போதும், சாவி திரும்பாது.

அதனால் தூள் போடுவதற்கு முன் எண்ணெயை வெளியேற்றியாக வேண்டும். எண்ணெயோடு கிராஃபைட் கலந்தால் கருப்புக் களிம்பு, அதைவிடச் சும்மா இருந்திருக்கலாம். பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றிவிட்டு, மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் கான்டாக்ட் கிளீனரைக் கொஞ்சமாக அடித்து, சாவியை நுழைத்து எடுத்து, துணியில் துடைத்து, மறுபடி நுழைத்து... ஆறேழு தடவை. முதல் துடைப்பில் துணியில் வந்தது சாம்பல் கலந்த கருப்பு. வெயிலில் பிடித்துப் பார்த்தபோது அதில் பொன்னிறமாக மினுமினுத்தது. பித்தளை! என் பூட்டு இத்தனை வருடமும் தன்னைத்தானே தின்றுகொண்டிருந்திருக்கிறது. துணி ஓரளவு சுத்தமாக வரும்வரை செய்து, ஒரு இரவு முழுக்க உலர விட்டேன்.

மறுநாள் தூள். இரண்டே இரண்டு அமுக்கு. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: கிராஃபைட் மின்சாரம் கடத்தும், சிலிண்டருக்குப் பின்னால்தான் இக்னீஷன் சுவிட்ச் இருக்கிறது. குழாயில் பாதியைக் காலி செய்யும் வேலை வேண்டாம். தூள் போட்டபின் சாவியை இருபது தடவையாவது நுழைத்து எடுத்து, அப்புறம் மெதுவாகத் திருப்பினேன். சொரசொரப்பு போயிருந்தது. தகடுகள் ஒவ்வொன்றாக விழும் சத்தம்கூட விரலில் தெரிந்தது, முன்பு மணலுக்குள் குத்துகிற மாதிரி இருக்கும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். விரல், சட்டைக் கை, ஸ்டீயரிங் கவர் எல்லாம் கருப்பு. மூக்கின் நுனி சில பூட்டு வாயில் சரியாக உட்காராமல் தூள் முகத்துக்கே திரும்பி வரும். கைக்கு ஒட்டாதது வேண்டும் என்றால் பூட்டுக்கென்று வருகிற பிடிஎஃப்இ (டெஃப்லான்) உலர் ஸ்ப்ரே இருக்கிறது, கரைப்பான் காய்ந்ததும் வெள்ளையாக ஒரு படலம் மட்டும் நிற்கும். கார் கதவுப் பூட்டில் அதைப் போட்டுப் பார்த்தேன், வேலை சுத்தம். இரண்டையும் ஒரே பூட்டில் கலக்காதீர்கள், எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சரி, இத்தோடு ஐந்து நட்சத்திரம் கொடுத்து முடித்திருப்பேன். ஆனால் ஐந்தாவது வாரம் சாவி மறுபடி அடம்பிடித்தது. முன்பு மாதிரி இல்லை, பத்துக்கு ஒரு தடவை. தூள் மேல் சந்தேகம் வந்து இன்னும் கொஞ்சம் போட்டேன், ஒரு மாற்றமும் இல்லை. அப்போதுதான் அலமாரியில் பல வருடமாகத் தொடாமல் கிடந்த இன்னொரு ஒரிஜினல் சாவி ஞாபகத்துக்கு வந்தது. இரண்டையும் முதுகோடு முதுகு ஒட்டி வெளிச்சத்தில் பிடித்தேன். புதுச் சாவியில் மேடு பள்ளம் எல்லாம் கூர்மையாக வெட்டியது மாதிரி இருக்க, தினமும் பயன்படுத்துகிற சாவியில் மேடுகள் ஆற்றுக் கூழாங்கல் மாதிரி மழுங்கிக் கிடந்தன. அந்தப் புதுச் சாவியைப் போட்டால் முதல் தடவையே திரும்புகிறது. அழுக்கும் தேய்மானமும் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்திருக்கின்றன, தூள் முதலாவதை எடுத்ததால்தான் இரண்டாவது கண்ணில் பட்டது. தேய்ந்த சாவிக்குக் கிராஃபைட் மருந்தில்லை.

உங்களிடம் இரண்டாவது சாவி இல்லையென்றால், தேய்ந்ததைக் கொடுத்து டூப்ளிகேட் போடாதீர்கள், தேய்மானத்தையும் சேர்த்து நகல் எடுத்துக் கொடுப்பார்கள். வண்டி வாங்கியபோது கொடுத்த சின்ன உலோகத் தகட்டில் சாவி எண் இருந்தால், அந்த எண்ணை வைத்து வெட்டச் சொல்லுங்கள், தொழிற்சாலையில் வெட்டிய அளவிலேயே கிடைக்கும். 1990களின் நடுவிலிருந்து பல கார்ச் சாவிகளில் தலைக்குள் சிப் இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டிக்குச் சிப் இல்லாமல் வெட்டிய சாவி பூட்டைத் திருப்பும், இன்ஜினை ஓட விடாது.

தூளையே வாங்காமல் தீரும் கேஸும் உண்டு. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் ஒடித்து நிறுத்தியிருந்தால் ஸ்டீயரிங் பூட்டின் கட்டை இறுகிக்கொள்ளும், சாவி அசையாது. ஒரு கையால் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டிக்கொண்டே மறு கையால் திருப்ப வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் சாவி வெளியே வரவில்லை என்றால் கியர் உண்மையிலேயே 'பி'யில் (பார்க்கிங் நிலையில்) உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எதுவானாலும் பலத்தைக் காட்ட வேண்டாம். ஆத்திரத்தில் கட்டிங் பிளேயர் போட்டுத் திருப்பிச் சாவியை உள்ளேயே முறித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

தூளை நம்பி ஓட்டக்கூடாத அறிகுறிகள் இரண்டு. ஸ்டார்ட் செய்தபின் சாவி தானாகப் பின்னால் வராமல் அங்கேயே நின்றால், ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்து கருகிவிடும். இன்ஜின் ஓடும்போதே சாவி கையோடு வருகிறது என்றால் சிலிண்டர் முடிந்துவிட்டது என்று அர்த்தம், எந்த நேரத்தில் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. இரண்டாவதற்குச் சிலிண்டரையும், முதலாவதற்குக் கோளாறு எதில் என்று பார்த்துச் சிலிண்டரையோ சுவிட்சையோ மாற்றுவதுதான் வழி. பல மாடல்களில் சாவியை ஏசிசி நிலையில் (இன்ஜின் ஓடாமல் ரேடியோ மட்டும் வேலை செய்யும் நிலை) வைத்து, பக்கத்துத் துளையில் ஒரு சின்னப் பின்னை அமுக்கினால் சிலிண்டர் கையோடு வந்துவிடும், ஆனால் ஏர்பேக் இருக்கிற ஸ்டீயரிங் என்பதால் நான் அதில் கை வைக்க மாட்டேன், தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுவேன்.

இன்னொன்று, சாவிக்கொத்து. என்னுடையதில் வீட்டுச் சாவி, பைக் சாவி, பாட்டில் திறப்பான், ஒரு பித்தளை யானை எல்லாம் தொங்கின. அத்தனை கனமும் ஓடுகிற நேரமெல்லாம் ஆடி ஆடிச் சிலிண்டரைத்தான் அரைக்கிறது. 2014இல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்ததே, அது சுவிட்சில் இருந்த வேறு கோளாறு, சாவி ஓட்டத்திலேயே நழுவி இன்ஜின் நின்றுவிடும்; அப்போதும் ரிப்பேர் ஆகும்வரை வளையத்தில் கார்ச் சாவியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னார்கள். யானை இப்போது வீட்டுச் சாவியோடு இருக்கிறது.

தூளுக்கு ஐந்துக்கு நாலு. குறைத்த ஒன்று அந்த மூக்கின் நுனிக்கும் என் சட்டைக்கும். இரண்டாவது சாவிக்கு மாறி மூன்று வாரம் ஆகிறது, ஒரு தடவைகூட மல்லுக்கட்டவில்லை. தேய்ந்த சாவியைத் தூக்கிப் போடவில்லை, டிக்கி திறக்க அது இன்னும் நன்றாகவே வேலை செய்கிறது. குழாயில் முக்கால்வாசி தூள் அப்படியே இருக்கிறது, டேஷ்போர்டு அறையில் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருக்கிறேன். பையில் சுற்றாமல் ஒரு வாரம் வைத்ததில் வண்டி ஆவணங்கள் எல்லாவற்றிலும் என் கைரேகை பதிந்துவிட்டது.