ஸ்ப்ளிங்க்: வெயிட் எப்படி வருதுன்னு காட்டுற டூல்

டூப்ளிகேட் ரெக்கார்டு கண்டுபிடிக்க ஸ்ப்ளிங்க் யூஸ் பண்றேன், பிரிட்டன் நீதித்துறை அமைச்சகம் இலவசமா வெளியிட்ட பைத்தான் பேக்கேஜ். அடிப்படை 1969-ல ஃபெல்லெகியும் சன்டரும் எழுதின மாடல்தான். ஒரே ஆளோட ரெண்டு ரெக்கார்டுல ஒரு ஃபீல்டு (பேர், பாலினம் மாதிரி) ஒத்துப்போக வாய்ப்பு எம், வேற வேற ஆளுங்களா இருந்தும் தற்செயலா ஒத்துப்போக வாய்ப்பு யூ, எம்மை யூவால வகுத்து லாக் 2 எடுத்தா அதுதான் வெயிட், அதாவது ரெண்டும் ஒரே ஆள்னு சொல்ல அந்த ஃபீல்டு எவ்வளவு ஆதாரம் தருதுங்கிற அளவு. எல்லா ஃபீல்டு வெயிட்டையும் கூட்டினா ஸ்கோர். எம் 0.9, யூ 0.01னா சுமார் 6.5 கிடைக்கும், ஒத்துப்போகலன்னா 0.1-ஐ 0.99-ஆல வகுத்து அதே மாதிரி லாக் எடுக்கணும், மைனஸ் 3.3 வரும். பாலினம் ஒத்துப்போனா 1 கிட்டதான் வரும், ஏன்னா பாதி பேருக்கு சும்மாவே ஒத்துப்போகும்ல.

எனக்கு ரொம்ப பிடிச்சது வாட்டர்ஃபால் சார்ட், எந்த ஃபீல்டு எவ்வளவு ஏத்துச்சு இறக்குச்சுன்னு கண்ணுக்கு முன்னாடி தெரியுது, அரிதான பேருக்கு கூடுதல் வெயிட் குடுக்கவும் வசதி இருக்கு.

ஒண்ணு கவனிங்க, ஊரும் பின்கோடும் தனித்தனியா போட்டா ஒரே ஆதாரத்தை ரெண்டு தடவ கூட்டுற மாதிரி ஸ்கோர் ஏறிடும், ரெண்டையும் சேர்த்து ஒரே கம்பேரிசனா வைக்கிறதுதான் நல்லது. எந்த ரெக்கார்டு ஜோடிகளை மட்டும் ஒப்பிடணும்னு சொல்ற பிளாக்கிங் ரூல் புரிய கொஞ்சம் டைம் ஆகும், ஆனா தாராளமா எடுக்கலாம்.