தோள் வலிக்குக் காலில் ஊசி: பாளையங்கோட்டையில் ஓர் அக்குபங்சர் கிளினிக்

முருகன்குறிச்சியிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே மாடியில் இருக்கிறது இந்த கிளினிக். பெயரைப் போடவில்லை. நல்லதைச் சொல்கிற அளவுக்குக் குறையையும் சொல்லப் போகிறேன். நடத்துவது ஒரே ஒரு பெண் டாக்டர், உதவிக்கு ஒரு பெண். சின்ன இடம்.

எனக்குத் தொந்தரவு வலது தோளில். அம்பாசமுத்திரத்தில் கணக்கு டீச்சர் நான். போர்டின் மேல் பாதிக்குக் கை ஏறாது. கீழ்ப் பாதியிலேயே எழுதினால் கடைசி பெஞ்சிலிருந்து "தெரியல டீச்சர்" என்று சத்தம் வரும். தலைக்கு எண்ணெய் தேய்க்க, ஜடை பின்ன, பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க, ஒன்றுக்கும் வழியில்லை. ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்தால் உயிர் போகும். எலும்பு டாக்டர் பார்த்துவிட்டு ஃப்ரோசன் ஷோல்டர் என்றார். மூட்டைச் சுற்றியிருக்கிற உறை தடித்துச் சுருங்கிக்கொள்வதாம். 40 வயதிலிருந்து 60க்குள் அதிகம் வரும், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், சர்க்கரை இருந்தால் இன்னும் அதிகம். மூன்றிலும் எனக்கு டிக் விழுந்தது. தானாகவே இளகும், ஆனால் ஒன்றிலிருந்து மூன்று வருஷம் வரை ஆகலாம் என்றார். மூன்று வருஷம் யார் பொறுப்பது?

நம்ம ஊரில் வலிக்குக் கை வைக்கிற ஆட்களுக்குப் பஞ்சமில்லை. பாளையில் 1964லிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தட்டல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் உட்பட ஒன்பது வகைத் தொக்கணம், அதாவது உடம்பு பிடித்துவிடுகிற முறை, சித்த மருத்துவத்தில் உண்டு. என் நாத்தனார் இடுப்பு வலிக்கு அங்கேதான் போகிறாள், நன்றாக இருக்கிறது என்கிறாள். காலையில் ஓ.பி. வரிசையில் நிற்க முடிந்தவர்களுக்கு அதுவே போதும். பள்ளிக்கூடம் போகிற எனக்கு அந்த நேரம் தோதுப்படாது. நாகர்கோவில் பக்கம் போனால் வர்ம ஆசான்கள். அப்புறம், நாடி பிடித்துப் பார்த்து உடம்பில் ஒரே ஒரு புள்ளியை விரலால் தொட்டு அனுப்பிவிடுகிற ஹீலர்கள் இப்போது தெருவுக்கு ஒருவர். அப்படி ஒருவரிடம் பக்கத்து வீட்டு அக்காவோடு துணைக்குப் போயிருந்தேன். தொட்டதில் குற்றமில்லை, பத்து வினாடி வேலை. "பசிச்சா சாப்பிடுங்க, தாகம் எடுத்தா குடிங்க" என்றார், அதிலும் குற்றமில்லை. "சுகர் மாத்திரையை இன்னையோட விட்டுருங்க" என்றாரே, அங்கேதான் நான் அக்காவின் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தேன். இன்சுலின் போடுகிற பிள்ளை யாராவது இதைக் கேட்டு நடந்தால் உயிருக்கே ஆபத்து.

இந்த கிளினிக்கை எனக்குப் பிடித்ததற்கு முதல் காரணம் இதற்கு நேர் எதிரானது. டாக்டர் இயற்கை மருத்துவமும் யோகாவும் ஐந்தரை வருஷம் படித்து பி.என்.ஒய்.எஸ். பட்டம் வாங்கியவர். முதல் நாள் ஊசியே எடுக்கவில்லை. என் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, முன்கையை வெளிப்பக்கமாக அவரே மெல்லத் திருப்பிப் பார்த்தார். நான் தூக்கினாலும் ஏறாது, அடுத்தவர் தூக்கினாலும் ஏறாது என்றால்தான் இது ஃப்ரோசன் ஷோல்டர், இல்லையென்றால் தசைநார்க் கிழிசலாகவும் இருக்கலாம் என்று விளக்கினார். எக்ஸ்ரேயைக் கேட்டார், மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவைக் கேட்டார், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறேனா என்று கேட்டார். என் சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மினை நிறுத்தச் சொல்லவில்லை. கடைசியாக, "அடுத்த தடவை சாப்பிட்டுட்டு வாங்க டீச்சர். வெறும் வயித்துல ஊசி போட்டா சிலருக்கு மயக்கம் வரும்."

ஊசி என்றதும் ஆஸ்பத்திரி ஊசி ஞாபகம் வரும். இது மெல்லிசு, கால் மில்லிமீட்டர் தடிமன்தான். உள்ளே துளை கிடையாது, மருந்து கிடையாது. ஒவ்வொன்றும் தனியாக ஒட்டின உறையில் ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் இருக்கும். நம் கண் முன்னால் கிழித்து, குழாயைத் தோலில் வைத்து, மேலே நீட்டிக்கொண்டிருக்கிற ஊசித் தலையை ஒரு விரலால் டக்கென்று தட்டுவார். எறும்பு கடித்த அளவுதான். அதன் பிறகு விரல் நுனியில் லேசாகத் திருகிக்கொண்டே உள்ளே விடும்போது, அந்த இடத்தில் ஒரு கனம், மந்தமான ஒரு கடுப்பு பரவும். அது வந்தால்தான் சரியான ஆழம் என்பது சீன மருத்துவக் கணக்கு. எடுத்த ஊசியெல்லாம் வெள்ளைப் பெட்டிக்குள் போய்விடும், மறுபடி யாருக்கும் கிடையாது. தோளின் மேல் மேட்டில் போடும்போது மட்டும் ரொம்ப மேலாக, சாய்த்துப் போட்டார். அதற்குக் கீழேதான் நுரையீரலின் நுனி இருக்கிறது. ஆழம் தப்பினால் ஓட்டை விழும். இதைத் தெரியாதவர் கையில் ஊசி இருக்கக் கூடாது.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, கெண்டைக்கால் எலும்புக்கு வெளிப்பக்கம் ஓர் ஊசி. தோள் வலிக்கு வந்தவளுக்குக் காலில். ஊசியோடு நாற்காலியில் உட்கார வைத்து, "இப்ப கையைச் சுவத்துல ஏத்துங்க" என்றார். விரல்களைச் சுவரில் பல்லி மாதிரி நகர்த்தி ஏற்றுகிறேன், அவர் கீழே குனிந்து ஊசியைத் திருகுகிறார். வழக்கமாக வலித்து நிற்கிற இடத்தைத் தாண்டி நாலு விரல் ஏறியது. ராத்திரி வீட்டில் திரும்பப் பார்த்தபோது அதில் பாதிதான் மிச்சமிருந்தது. ஆனால் படுத்துத் தூங்கினேன்.

இது எப்படி வேலை செய்கிறது? ஊசி பட்டதும் உடம்பே எண்டார்ஃபினைச் சுரந்து வலியைத் தணிக்கிறது என்பது ஒரு விளக்கம். புள்ளி துல்லியமாக இருக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. கணக்கு டீச்சர் என்பதால் எண் இல்லாமல் நம்ப மாட்டேன். ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1162 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2007இல் வெளியானது. முறையாகப் புள்ளி பார்த்துக் குத்தியதில் 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. புள்ளியில்லாத இடத்தில் மேலாகக் குத்தியதில் 44.2. வழக்கமான மாத்திரை, உடற்பயிற்சி முறையில் 27.4. ஊசி வேண்டாம் என்று சொல்கிறவருக்கும் இதில் பதில் இருக்கிறது, புள்ளி பிசகினால் போச்சு என்று பயமுறுத்துகிறவருக்கும் இருக்கிறது. டாக்டரிடம் இதைச் சொன்னேன். "தெரியும் டீச்சர். அதான் ஊசியோட நிறுத்துறதில்ல" என்றார்.

நிறுத்துவதில்லை என்பது உண்மை. என்னைக் கேட்டால் இங்கே கொடுக்கிற காசு அந்தக் கைவேலைக்குத்தான். ஊசி எடுத்ததும் மல்லாக்கப் படுக்க வைத்து, வெதுவெதுப்பான எண்ணெயைத் தொட்டுக்கொண்டு, ஒரு கையால் தோள்பட்டை எலும்பை அமுக்கிப் பிடித்து, மறு கையால் என் மேல்கையை மூட்டிலிருந்து வெளியே மெதுவாக இழுப்பார். சொடக்கு எடுப்பது, வெடுக்கென்று திருப்புவது எதுவும் கிடையாது. வலி வரப்போகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே அவர் கை நின்றுவிடும். எப்படித் தெரிகிறதோ. நான் மூச்சை விடும்போது ஒரு நூல் அளவு கூட்டுவார். வீட்டுக்குப் பயிற்சியும் உண்டு: குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊசலாட்டம், முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து மேலே இழுப்பது. செய்யாமல் போனால் கையைத் தொட்டதுமே கண்டுபிடித்துவிடுவார், வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி நான் சுவரைப் பார்க்க வேண்டியதுதான். இப்போது ஜடை நானே பின்னிக்கொள்கிறேன். போர்டின் உச்சி இன்னும் எட்டவில்லை. நாள் போனதால் தானாக இளகியது எவ்வளவு, இவர் கையால் இளகியது எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது.

காத்திருக்கிற இடத்தில் டாக்டர் கோட்னிஸ் படம் மாட்டியிருக்கிறது. 1938இல் போர்க்காலச் சீனாவுக்கு இந்தியாவிலிருந்து போன ஐந்து மருத்துவர்களில் ஒருவர், 1942இல் அங்கேயே இறந்தார். அந்த ஐவரில் இன்னொருவரான பி.கே. பாசுதான் 1950களின் கடைசியில் மறுபடி சீனா போய் இந்த ஊசி வித்தையைக் கற்றுக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தவர். படத்துக்குக் கீழே பெஞ்சில் எனக்குப் பழக்கமானவர் முக்கூடல் ஆச்சி, பீடி சுற்றுகிறவர். "முப்பது வருசமா தட்டு முன்னால குனிஞ்சே கெடக்கேன் டீச்சர். இப்ப கழுத்து நிமிரலன்னா அது மேல என்ன குத்தம்?" என்பார். அவர் முழங்காலுக்கு மூலிகைச் சூடு காட்டுவார்கள். சுருட்டு மாதிரி உருட்டிய மூலிகையைப் பற்றவைத்துத் தோலில் படாமல் அருகே பிடிப்பது. நம் மாசிபத்திரியின் இனம்தான் அது. ஆச்சிக்கு இதம், மற்றவர்களுக்கு இருமல். ஏசி போட்டு மூடிய அறை, புகை போக்கி கிடையாது, தடுப்புக்கு வெறும் திரைச்சீலை. எனக்குச் சர்க்கரை இருப்பதால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், சூடு தெரியாமல் வெந்துவிடும் என்று டாக்டர் அதைக் காட்ட மறுத்துவிட்டார். சரிதான்.

அதே இடத்தில் வரவேற்பு மேசைப் பெண் முள்ளு முள்ளாக இருக்கிற அக்குபிரஷர் செருப்பை 350 ரூபாய்க்கு விற்கிறாள். ஆனித் திருவிழாக் கடைகளில் கிடைக்கிற அதே சரக்கு. சர்க்கரைக்காரர் பாதத்துக்கு உள்ளே சொன்ன எச்சரிக்கை வெளியே மேசைக்கு வரவில்லை போலும்.

இன்னும் இரண்டு குறை. முழங்கால் வலிக்காரர்கள் வந்துபோகிற இடத்துக்குச் செங்குத்தான மாடிப்படி, லிப்ட் இல்லை, ஒரு பக்கம்தான் கைப்பிடி. ஆச்சி ஒவ்வொரு படிக்கும் ஒரு சாமி பேரைச் சொல்லி ஏறுகிறார். அப்புறம் டோக்கன்: போனில் ஐந்தரை என்பார்கள், ஆறரைக்கு முன்னால் உள்ளே போனதில்லை. செங்கோட்டை ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பலமுறை பஸ்தான் வாய்த்தது.

ஒரு சிட்டிங் 400 ரூபாய். பத்துக்குச் சேர்த்துக் கட்டினால் 3500 என்று முதல் நாளே கேட்பார்கள். கட்ட வேண்டாம். நாலைந்து முறையில் தூக்கமாவது திரும்பாவிட்டால் தொடர வேண்டாமென்று டாக்டரே சொல்கிறார், அதனால் தனித்தனியாகக் கொடுங்கள். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கட்டைவிரல் இடுக்கு மாதிரி சில புள்ளிகளைத் தவிர்ப்பார்கள். விழுந்து அடிபட்ட தோள், காய்ச்சலோடு வருகிற வலி, கை மரத்துப் போவது, இதற்கெல்லாம் நேரே ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை கிளினிக் கிடையாது.