ஹாஸ்வாட்டரில் மூழ்கிய ஊரை எந்த வரைபடத்தில் தேடுவது?

வடமேற்கு இங்கிலாந்தின் ஹாஸ்வாட்டர் ஏரியை மான்செஸ்டரின் குடிநீருக்காக நீர்த்தேக்கமாக மாற்ற 1919இல் சட்டம் வந்தது. 1929இல் அணை வேலை தொடங்கியது. பிறகு ஏரியின் மட்டம் 29 மீட்டர் உயர, மார்டேல் கிரீன் என்ற சிற்றூர் நீருக்குள் போனது. 1984, 1995 வறட்சிகளில் அதன் கல்சுவர்கள் வெளியே தெரிந்தன. எந்தச் சுவர் யாருடைய வயலுக்கு எல்லை என்று அறிய, பிரிட்டனின் அரசு நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடங்களைத்தான் விரிக்க வேண்டும். தரையில் ஒரு மைல் தூரத்தைத் தாளில் ஓர் அங்குலம், ஆறு அங்குலம், ஏறக்குறைய இருபத்தைந்து அங்குலம் எனக் காட்டும் மூன்று அளவுகளில் அவை கிடைக்கின்றன.

ஓரங்குலப் படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது 63 மீட்டர். ஊர் அங்கே வெறும் புள்ளி. ஊருக்குப் போகும் சாலையை அறிய அது போதும், ஊரை அறியப் போதாது.

இருபத்தைந்து அங்குலப் படத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டரை மீட்டர்தான். வீட்டின் வடிவம், தொழுவம், வேலியின் வளைவு எல்லாம் துல்லியமாக நிற்கும். வயல் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, ஏக்கர் கணக்கும் உண்டு. வறண்ட ஏரிப்படுகையில் ஒரே ஒரு சுவரை அடையாளம் காண வேண்டுமென்றால் இதற்கு இணையில்லை. ஆனால் நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் சமஉயரக் கோடுகள் இதில் கிடையாது. சாகுபடி நிலத்தோடு படமும் நின்றுவிடும். மேய்ச்சல் மலைகளை இந்த அளவில் வரையவில்லை. மலையை விட்டுவிட்டு இந்தப் பள்ளத்தாக்கைப் புரிந்துகொள்ள முடியுமா?

அதனால்தான் என் கை ஆறங்குலப் படத்துக்கே போகிறது. பத்து மீட்டர் ஒரு மில்லிமீட்டராகச் சுருங்கினாலும் வீடுகளும் வயற்சுவர்களும் தெரிகின்றன. மலையும் கூடவே வருகிறது. மீசண்ட் ஓடை கொண்டுவந்து கொட்டிய வண்டல், பழைய ஏரியை ஏறக்குறைய இரண்டாக நெரித்திருந்ததை இதில் ஒரே பார்வையில் காணலாம். இன்று தீவாக நிற்கும் வுட் ஹவ் அன்று மரமடர்ந்த மேடு. வயல்களின் பெயர்கள் மட்டும் இரண்டிலும் அரிது; அவற்றுக்கு 1836ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தயாரான தசமபாக வரி (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குத் தரும் வரி) பதிவேடுகளைப் புரட்ட வேண்டும்.

ஒரு பாதையைச் சொல்லியாக வேண்டும். மார்டேலில் இடுகாடு இல்லாத காலத்தில், பிணங்களைக் குதிரை மேல் கட்டி மலை தாண்டி ஷாப் ஊருக்குக் கொண்டுபோனார்கள். கடைசிப் பயணம் 1736இல். பிறகு மார்டேல் மண்ணிலேயே புதைத்தார்கள். நீர் ஏறும் முன் அங்கிருந்து 97 உடல்களைத் தோண்டியெடுத்து, பெரும்பாலானவற்றை மீண்டும் ஷாப்புக்கே கொண்டுபோனார்கள். பள்ளத்தாக்கில் தொடங்கி மலைமேல் ஏறும் அந்தப் பழைய தடத்தை விரலால் தொடர்ந்து பார்க்க ஆறங்குலப் படம் வேண்டும். இருபத்தைந்து அங்குலத்தில் அது கடைசி வயலின் சுவரோடு முடிந்துவிடுகிறது.