பல்லு அடைச்சது கழண்டு விழுந்துருச்சா? ரெண்டு டெம்பரரி ஃபில்லிங் கிட் வாங்கிப் பாத்துட்டேன்

நாங்க இருக்கிறது இங்கிலாந்துல நார்ஃபோக் பக்கம் ஒரு சின்ன ஊரு. போன அக்டோபர்ல அம்மா பார்சல் அனுப்பினாங்க, அதுல கைச்சுத்து முறுக்கு, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் டீயோட ஒண்ணு கடிச்சேன், கடக்குனு சத்தம். முறுக்குதான் உடைஞ்சுதுன்னு மென்னுக்கிட்டே இருக்கேன், ஆனா மெல்ல மெல்ல கரையாம ஏதோ ஒண்ணு உருண்டுக்கிட்டே இருந்துச்சு, துப்பிப் பாத்தா சாம்பல் கலர்ல ஒரு குட்டிக் கல்லு. பாளையங்கோட்டைல காலேஜ் படிக்கும்போது அடைச்ச கடவாப்பல்லு ஃபில்லிங். நாக்கை வச்சுப் பாத்தா பல்லுல பெரிய குழி. அதுல இருந்து ரெண்டு மாசம் என் நாக்கு வேற எங்கயும் போகல.

அன்னைக்கு வலி ஒண்ணும் இல்ல. கடைக்குப் போலாம்னா ஞாயித்துக்கிழமை இங்க பெரிய கடையெல்லாம் 4 மணிக்கே சாத்திருவாங்க. சரி, காலைல டாக்டருக்கு போன் பண்ணுவோம்னு படுத்துட்டேன்.

இங்க இல்லாதவங்களுக்காக ஒரு வார்த்தை. இங்க உடம்புக்கு முடியலன்னா பாக்குற ஜிபி பல்லு பக்கமே திரும்ப மாட்டாரு, அது தனி. ஜிபி கிட்ட பேர் பதிஞ்சா நீங்க அவரோட பேஷண்ட், பல் டாக்டர்ல அந்த மாதிரி நிரந்தரப் பதிவே கிடையாது, ட்ரீட்மென்ட் முடிஞ்சா உறவும் முடிஞ்சுது. என்ஹெச்எஸ்னு சொல்ற அரசு மருத்துவ சேவை பல் டாக்டருங்களுக்கு 2006ல கொண்டு வந்த கான்ட்ராக்ட்படி ஒரு பல்லை அடைச்சாலும் நாலு பல்லை அடைச்சாலும் டாக்டருக்குக் கிடைக்கிற பாயிண்ட் அதேதான், அந்தப் பாயிண்டை வச்சுத்தான் காசு, 2022லதான் அதைக் கொஞ்சம் மாத்தினாங்க, அதுக்குள்ள நெறைய டாக்டருங்க பிரைவேட் பக்கம் போயாச்சு. அதே 2022ல பிபிசி என்ஹெச்எஸ் பல் கிளினிக்கையெல்லாம் கூப்பிட்டு விசாரிச்சப்ப 10ல 9 இடத்துல என்ஹெச்எஸ்ல புது அடல்ட் பேஷண்ட் எடுக்கலன்னு தெரிஞ்சுது. 2024 பிப்ரவரில பிரிஸ்டல்ல ஒரு பல் கிளினிக்ல புது பேஷண்ட் எடுக்குறாங்கன்னு தெரிஞ்சு தெரு முழுக்க க்யூ, போலீஸ் வந்து ஒழுங்குபடுத்த வேண்டியதாப் போச்சு. ரேஷன் கடைல பொங்கல் பரிசுக்கு நிக்கிற மாதிரி வெள்ளைக்காரங்க பல்லுக்கு நிக்கிறாங்கன்னு அப்ப சிரிச்சேன். நார்ஃபோக்கை டென்டல் பாலைவனம்னே பேப்பர்ல எழுதுவாங்க, அதுக்கும் சிரிச்சிருக்கேன்.

திங்கக்கிழமை காலைல ஒம்பது கிளினிக்குக்கு போன் பண்ணேன். ஒம்பதுலயும் என்ஹெச்எஸ்ல புது பேஷண்ட் எடுக்கல. ஒரு எடத்துல மட்டும் பிரைவேட்னா மூணு வாரம் கழிச்சு ஒரு ஸ்லாட் இருக்கு, செக்கப் மட்டும், அடைக்கிறதுக்கு மறுபடி வரணும்னாங்க. என்ஹெச்எஸ் ஹெல்ப்லைன் 111க்கு போன் போட்டேன், எடுத்த அம்மா பொறுமையா எல்லாம் கேட்டாங்க, வலி இருக்கா வீக்கம் இருக்கா காய்ச்சல் இருக்கான்னு, எதுவுமே இல்லன்னதும் இது அர்ஜென்ட் இல்ல, ஃபார்மஸில டெம்பரரி ஃபில்லிங் கிட் வாங்கி வச்சுக்கோங்கன்னு சொன்னாங்க. நானே என் பல்லை அடைக்கணுமா? ஆமாம்.

முதல் கிட், சூப்பர்மார்க்கெட்ல என் வீட்டுக்காரர் வாங்கிட்டு வந்தது. குட்டி டப்பால ரெடிமேடா கலந்து வச்ச பேஸ்ட், எச்சில் பட்டா இறுகும்னு போட்டிருக்கு. வேலை ரொம்ப சுளு, ஒரு உருண்டை கிள்ளி குழில வச்சு அமுக்கி மெதுவா கடிச்சா முடிஞ்சுது. எனக்கு அது மறுநாள் காலைல இட்லியோட போயிருச்சு, ஆமா, இட்லியோட. ரெண்டாவது தடவை வச்சேன், ரெண்டு நாள் இருந்துச்சு. சின்ன ஓட்டைக்கு, சுத்தி பல்லு சுவர் நல்லா இருந்தா நிக்கும் போல, எனக்கு ஒரு பக்கம் சுவரே இல்ல, பிடிக்க எடம் இல்லாம நழுவுது. இந்தக் கிட்டுக்கு அஞ்சுக்கு ரெண்டு மார்க்.

ரெண்டாவது கிட் ஃபார்மஸில கவுன்ட்டர்ல கேட்டு வாங்கினது, நான் குடுத்தது எட்டு பவுண்டுக்குப் பக்கம். ஒரு பாட்டில்ல வெள்ளைப் பவுடர், ஒரு குட்டி பாட்டில்ல எண்ணெய் மாதிரி திரவம், ஒரு பிளாஸ்டிக் கரண்டி, கலக்குறதுக்கு வழவழப்பான பேப்பர், நகத்தளவுல ஒரு கண்ணாடி. மூடியைத் திறந்ததும் குப்புனு ஒரு வாசம், பல் டாக்டர் ரூம் வாசம்! பவுடர் ஜிங்க் ஆக்ஸைடு, திரவம் யூஜெனால், யூஜெனால்னா கிராம்பு எண்ணெயோட சத்து. அம்மா கிட்ட வீடியோ கால்ல காட்டினேன், "ஏட்டி, இதைத்தான நான் அன்னைக்கே சொன்னேன், ஒரு கிராம்பை எடுத்து வைட்டின்னு, அதுக்கு எட்டு பவுண்டாக்கும்" அப்படின்னாங்க. பதில் சொல்ல வழியில்ல.

ஆனா கிராம்பையோ கிராம்பு எண்ணெயையோ நேரா ஈறுல வச்சா வெந்து போகும், எங்க சித்தி ஒரு தடவை பஞ்சுல முக்கி ராத்திரி முழுக்க வச்சுட்டு ஈறு வெள்ளையா உரிஞ்சு கெடந்தாங்க. ஆஸ்பிரினைப் பல்லுக்குப் பக்கத்துல வைக்கிறதும் அதே கதைதான், மாத்திரை முழுங்குறதுக்கு, ஈறுல ஒட்டுறதுக்கு இல்ல.

இந்த ரெண்டாவது கிட்ல கலக்குறதுதான் வித்தையே. ரெண்டு சொட்டு விட்டு பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துச் சேக்கணும், பாக்க போதும்னு தோணும்போது போதாது, இன்னும் சேக்கணும், சப்பாத்தி மாவு பதத்தையும் தாண்டி கெட்டியா, விரல்ல உருட்டுனா ஒட்டாம உருளணும். தளதளன்னு இருக்கும்போதே வச்சீங்கன்னா நாக்கெல்லாம் எரியும், இறுகவும் இறுகாது. நான் முதல் தடவை அப்படித்தான் வச்சேன், ராத்திரி பூரா வாய்ல பிரியாணி மசாலா. பல்லை முன்னாடியே பிரஷ் பண்ணி, வெதுவெதுப்பான தண்ணில கொப்புளிச்சு, பஞ்சை உருட்டி குழியைத் துடைச்சுட்டு, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவுல இன்னொரு பஞ்சை அடைச்சுக்கோங்க, எச்சில் முன்னாடியே வந்துட்டா பல்லுல பிடிக்காது. வச்சு அமுக்கின அப்புறம் ஈரம் பட்டா பரவாயில்ல, ஈரமும் சூடும் பட்டாத்தான் அது சீக்கிரம் இறுகும். கரண்டியைத் தண்ணில நனைச்சுட்டு அமுக்குங்க, இல்லன்னா பல்லுல ஒட்டாம கரண்டியோட வந்துரும். மேல நீட்டிக்கிட்டு இருக்கறதை உடனே வழிச்சு விட்டுருங்க, கடிக்கும்போது அது முதல்ல இடிச்சா அந்தப் பல்லே வலிக்க ஆரம்பிச்சுரும்.

அந்த நகத்தளவு கண்ணாடி சுத்த வேஸ்ட், மூச்சு பட்டதும் பனி பிடிக்குது. என் வீட்டுக்காரர் போன்ல டார்ச் அடிச்சுக்கிட்டு "இன்னும் கொஞ்சம் உள்ள, இன்னும் கொஞ்சம்"னு கார் ரிவர்ஸ் எடுக்குற மாதிரி சொல்லிக்கிட்டு நின்னாரு.

அந்த அடைப்பு 11 நாள் பிரச்சினை இல்லாம நின்னுச்சு. ஒரு பக்கமா சாப்பிட்டேன், முறுக்கு பக்கம் போகல.

பன்னெண்டாம் நாள் ராத்திரி 2 மணிக்கு எந்திரிச்சுட்டேன். சூடு பட்டா விண்ணுனு, படுத்தா இன்னும் ஜாஸ்தி. இங்கதான் கிட்டோட எல்லை, டப்பால சின்ன எழுத்துல போட்டிருப்பான், யாரும் படிக்க மாட்டோம். துடிக்கிற பல்லு, சீழ் வாசம் அடிக்கிற பல்லு, பக்கத்துல ஈறு வீங்கின பல்லு இதுக்கு மேல மூடி போடக்கூடாது, உள்ள அடைபட்டு இன்னும் மோசமாகும். பாரசிட்டமால் 500ல ரெண்டு, நாலு மணி நேர இடைவெளியாச்சும் விட்டு, 24 மணி நேரத்துல எட்டுக்கு மேல கூடவே கூடாது. இபுப்ரோஃபென் ஒத்துக்குறவங்க சாப்பிட்டுட்டு அதையும் சேத்துப் போடலாம், பல்லு வலிக்கு ரெண்டும் சேந்தா இன்னும் நல்லாக் கேக்கும். அல்சர், கிட்னி, ஆஸ்துமா உள்ளவங்க, கர்ப்பமா இருக்கவங்க இபுப்ரோஃபெனைக் கேட்டுட்டுத்தான் தொடணும். கடைல 16 மாத்திரை பாக்கெட் ரெண்டுக்கு மேல பில் போட மாட்டாங்க, அதனால ஒண்ணு வீட்டுல எப்பவும் இருக்கட்டும். ஊர்ல இருந்து கொண்டு வந்த ஆன்டிபயாட்டிக் ஒரு ஸ்ட்ரிப் இருந்துச்சு, கை துறுதுறுன்னுச்சு, போடல. நரம்பு வீங்கின வலிக்கு அது கேக்காது.

முகம் வீங்கி கண்ணு பக்கமோ கழுத்து பக்கமோ பரவுனா, வாயைத் திறக்க முடியலன்னா, எச்சில் முழுங்க முடியலன்னா, மூச்சு விடக் கஷ்டமா இருந்தா இந்த ரிவ்யூவெல்லாம் மூடி வச்சுட்டு ஆம்புலன்ஸுக்கு 999, இல்ல நேரா ஏ அண்ட் இ, அதான் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. அதுல யோசனையே வேண்டாம்.

காலைல மறுபடி 111. இந்தத் தடவை வலி ராத்திரி எழுப்புது, மாத்திரை நாலு மணி நேரம் தாங்கல, பன்னெண்டு நாளா அடைச்சு வச்சிருந்தேன்னு வரிசையா சொன்னேன். நம்மாளுங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கு, எப்படி இருக்கீங்கன்னு கேட்டா பல்லைக் கடிச்சுக்கிட்டு "பரவால்ல"ன்னு சொல்றது. பரவால்லன்னா அவங்களும் பரவால்லன்னுதான் எழுதிக்குவாங்க. அடுத்த நாள் கிங்ஸ் லின்ங்கிற ஊர்ல ஒரு பல் டாக்டர் கிட்ட அர்ஜென்ட் ஸ்லாட் கிடைச்சுது, வீட்டுல இருந்து ஒரு மணி நேரம் கார்ல.

அந்த டாக்டரம்மா நிதானமானவங்க. எக்ஸ்ரே எடுத்துட்டு, என் கொத்து வேலையைப் பாத்து, நல்லாத்தான் அடைச்சிருக்கீங்கன்னாங்க, 2025ல எனக்குக் கிடைச்ச பெரிய பாராட்டு. ஆனா நரம்பு போச்சு, ரூட் கெனால் பண்ணணும், இது அர்ஜென்ட் ஸ்லாட், இன்னைக்குப் பல்லைப் பிடுங்கிடலாம், இல்ல நரம்பை எடுத்து மருந்து வச்சு மூடி விடுறேன்னாங்க. எது பண்ணாலும் அதே 27.40 பவுண்ட்தான். பிடுங்க வேணாம்னுட்டேன். இன்னொண்ணும் சொன்னாங்க, வீட்டுல கிராம்பு டைப் கிட் வச்சிருந்தா அடுத்த டாக்டர் கிட்ட மறக்காம சொல்லணுமாம், அது மிச்சம் இருந்தா மேல வைக்கிற வெள்ளை ஃபில்லிங் சரியா இறுகாதாம், சுத்தமா சுரண்டி எடுக்கணும்.

2025ல என்ஹெச்எஸ்ல ரூட் கெனாலுக்கு ரெண்டாம் படி கட்டணம், பேண்ட் 2ன்னு சொல்வாங்க, 75.30 பவுண்டா இருந்துச்சு. பண்ற ஆளு கிடைக்கணுமே. பிரைவேட்ல எனக்குச் சொன்னது 850, கேப் தனி. டிசம்பர்ல தம்பி கல்யாணத்துக்கு டிக்கெட் போட்டிருந்ததால பாளையங்கோட்டைலயே ரெண்டு சிட்டிங்ல முடிச்சு கேப்பும் போட்டேன், எல்லாம் சேத்து 9,000 ரூபா. பல்லுக்குன்னே தனியா டிக்கெட் போட்டா இந்தக் கணக்கு உதைக்கும், அதையும் சொல்லிடறேன், எல்லாரும் கிளம்பிராதீங்க. பசங்களுக்கு 18 வயசு வரை, கர்ப்பமா இருக்கவங்களுக்கு, குழந்தை பொறந்து ஒரு வருஷம் வரைக்கும் என்ஹெச்எஸ்ல பல்லு ஃப்ரீ, அந்த நேரத்துல ஸ்லாட் கிடைச்சா விடவே விடாதீங்க.

பவுடர் கிட்டுக்கு அஞ்சுக்கு நாலு. ஒண்ணு குறைச்சது அந்தக் கண்ணாடிக்கும், பாட்டில் மூடி சரியா நிக்காம ஹேண்ட்பேக் முழுக்க ஊத்தி என் பஸ் பாஸ் இன்னைக்கு வரை கிராம்பு வாசம் அடிக்கிறதுக்கும். மிச்சம் பாதி இருந்துச்சு, போன வாரம் ஆபீஸ்ல ஒரு அம்மாவுக்கு ஃபில்லிங் விழுந்துருச்சுன்னு குடுத்துட்டேன், பன்னெண்டாம் நாள் கதையையும் சேத்துச் சொல்லித்தான் குடுத்தேன். அவங்களும் ஒம்பது எடத்துக்கு போன் பண்ணியாச்சாம்.