ஏற்காட்டில் "துரை வீட்டு மோதிரம்" என்று டூர்மலின் விற்கிறார்கள், பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

ஏற்காட்டுக்கு வருகிறவர்களிடம் "வெள்ளைக்காரத் துரை வீட்டுப் பழைய மோதிரம், ஒரிஜினல் டூர்மலின்" என்று சொல்லி ஒருவர் ரத்தினக் கல்லுக்குப் பதிலாகக் கண்ணாடியை விற்றுக்கொண்டிருக்கிறார். எனக்கும் விற்றார். கல்லுக்கு மட்டும் 40,000 ரூபாய், தங்கத்துக்குத் தனி. கடையின் பெயரை இப்போது போடப் போவதில்லை, நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன், அது முடிகிற வரை பெயரை எழுதாதே என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொல்லியிருக்கிறார். ஆனால் கடைக்காரர் எப்படி விற்றார் என்பதை எழுதுவதற்கு யாரும் தடை சொல்லவில்லை.

தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் அக்டோபரில் பிறந்தவள், அந்த மாதத்துக்கான பிறப்புக் கல் ஓபல் அல்லது டூர்மலின் என்பார்கள், ஓபலில் சில வகைக்குத் தண்ணீர் பட்டால் ஆகாது, அடி பட்டால் ஆகாது என்று ஆயிரம் பத்தியம் என்பதால் அவளே டூர்மலின்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அதுவும் கடையில் மின்னுகிற புது மோதிரம் வேண்டாம், பழசாக, நீளக் கல் வைத்தது வேண்டுமாம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டி காலத்து நகை மேல் இப்படி ஒரு ஆசை வந்திருப்பது நகை வியாபாரிகளுக்கு நன்றாகத் தெரியும்.

டூர்மலின் மேல் ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ரோஸ், பச்சை, நீலம், மஞ்சள், கறுப்பு என்று அதில் இல்லாத நிறம் கிடையாது, ஒரே கல்லில் ஒரு முனை பச்சை மறுமுனை ரோஸ் என்றுகூட வரும். நடுவில் ரோஸ், ஓரத்தில் பச்சை என்று தர்பூசணிப் பத்தை போல இருப்பதை அப்படியே குறுக்கே வில்லையாக அறுத்து இப்போது புது டிசைன் மோதிரங்களில் வைக்கிறார்கள். கல் பூமியில் நீளக் குச்சி குச்சியாகத்தான் விளைகிறது, வெட்டும்போது வீணாகக்கூடாது என்று நீளவாக்கில் செவ்வகமாக வெட்டுவார்கள், விரல் நீளத்துக்குப் படுத்துக்கொண்டிருக்கும் பச்சை டூர்மலின் பழைய மோதிரங்களில் அவ்வளவு அழகாக இருப்பதற்கு அதுதான் காரணம். எனக்குப் பிடித்தது வேறு: நல்ல டூர்மலினை ஒரு பக்கமிருந்து பார்த்தால் ஒரு பச்சை, அப்படியே திருப்பி இன்னொரு பக்கமிருந்து பார்த்தால் வேறு பச்சை, சில கல்லில் ஒரு திசையில் கிட்டத்தட்டக் கறுத்தே போகும். சூடு பட்டால் கல்லில் லேசாக மின்சாரம் ஏறித் தூசியை இழுக்கும், கடைக் கண்ணாடிப் பெட்டியில் விளக்குச் சூட்டில் கிடக்கும் டூர்மலின் மட்டும் சீக்கிரம் தூசி படிந்துபோவது இதனால்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கடைக்காரர் மோதிரத்தை முதலில் காட்டவே இல்லை, கதையைத்தான் காட்டினார். "அக்கா, இது எஸ்டேட் துரை வீட்டு ஐட்டங்க. அவங்க ஊருக்குப் போறப்ப சமையக்காரம்மாவுக்குக் குடுத்துட்டுப் போனது, அவங்க பேரன் கைல இருந்து நான் வாங்கினேன்." சேர்வராயன் மலையில் துரைமார் இருந்ததும் காபித் தோட்டம் போட்டதும் பங்களா கட்டியதும் நிஜம், 1820களிலேயே காக்பர்ன் என்ற கலெக்டர் இங்கே காபியைக் கொண்டுவந்தார். ஊருக்கே தெரிந்த நிஜம் பக்கத்தில் இருப்பதால்தான் இந்தக் கதை இவ்வளவு சுலபமாக ஒட்டுகிறது. கல் கூட இந்த மலையிலேயே கிடைத்ததாக இருக்கும் என்று ஒரு பிட்டையும் சேர்த்துப் போட்டார். இந்த மலையில் பாக்சைட் எடுத்தார்கள், அடிவாரத்தில் வெள்ளைக்கல் என்கிற மேக்னசைட் எடுத்தார்கள், மோதிரத்தில் வைக்கிற டூர்மலின் தோண்டும் சுரங்கம் இங்கே எங்கேயும் இல்லை. டூர்மலின் பெரும்பாலும் பிரேசில், ஆப்கானிஸ்தான், நைஜீரியா, மொசாம்பிக் பக்கமிருந்து வருவது.

அப்புறம் மோதிரத்தை எடுத்தார், செல்போன் டார்ச்சை மேலே இருந்து அடித்தார். பச்சை அப்படியே பொங்கியது. பின்பக்கம் தங்கத் தகடு போட்டு முழுசாக மூடியிருந்தது. ஏன் மூடியிருக்கிறது என்று கேட்டேன். "அந்தக் காலத்துல அப்படித்தாங்க்கா செய்வாங்க." இதுவும் பாதி நிஜம், அதனால்தான் ஆபத்து. மின்சார விளக்கு வராத காலத்தில் கல்லுக்கு அடியில் பளபளக்கிற தாள் வைத்து மூடிக் கட்டுவது இங்கிலாந்திலும் உண்டு, நம் ஊர்க் கெம்பு நகையிலும் உண்டு, அது ஏமாற்று இல்லை. ஆனால் அதே மூடி, கல்லில் நிறமே இல்லாவிட்டாலும் நிறத்தைக் காட்டும். மேலே இருந்து டார்ச் அடித்தால் தாள்தான் திருப்பி மின்னும், கல் இல்லை. பக்கவாட்டில் வெளிச்சம் விட்டுக் காட்டுங்கள் என்று சொன்னதற்கு, "மூடுன கட்டுல அப்படித் தெரியாதுங்க்கா" என்றார்.

கல்லின் மேல் சின்னச் சின்னக் கீறல்கள் இருந்தன. அதையும் அவரே சாதகமாக்கிக்கொண்டார், "பாருங்க, எத்தனை வருசம் போட்டிருந்தா இப்படித் தேயும்" என்று. வைரத்துக்குப் பத்து என்று வைக்கும் கடின அளவில் டூர்மலினுக்கு 7 முதல் 7.5 வரை. வருஷக்கணக்கில் போட்டால் அதுவும் ஓரங்களில் தேயத்தான் செய்யும். கண்ணாடிக்கு ஐந்தரை சொச்சம்தான், ஒரு மாசம் சாவிக் கொத்தோடு பையில் கிடந்தாலே அந்தக் கீறல் வந்துவிடும்.

மோதிரத்தின் உள்ளே 750 என்று முத்திரை. தங்கம் 18 கேரட் என்பது உண்மைதான், பிறகு உரசிப் பார்த்ததிலும் சரியாக வந்தது. ஆனால் துரை காலத்து இங்கிலாந்து மோதிரத்தில் 750 என்று இருக்காது, கிரீடமும் 18 என்ற எண்ணும் இருக்கும், கூடவே எந்த ஊரில் சோதித்தார்கள் என்று ஒரு குறி, எந்த வருஷம் என்று ஒரு எழுத்து. 18 என்ற எண் போய் 750 வந்தது 1975க்கு மேல்தான். பங்களாவைக் காலி செய்துகொண்டு போன துரைக்கு அந்த முத்திரை எப்படிக் கிடைத்திருக்கும்?

கூடவே லேமினேட் செய்த அட்டை ஒன்று கொடுத்தார். இயற்கை டூர்மலின் என்று அச்சடித்து, ஏதோ ஒரு பச்சைக் கல்லின் படம், ஒரு கையெழுத்து. கல்லின் எடை இல்லை, நீள அகலம் இல்லை, இணையத்தில் போட்டுப் பார்க்க எண் இல்லை. பில் என்று கொடுத்தது கையால் எழுதிய சீட்டு: "பச்சைக்கல் மோதிரம் 1" என்று எழுதி மொத்தத் தொகை, கீழே "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று ரப்பர் ஸ்டாம்ப். சீட்டில் டூர்மலின் என்று எழுதச் சொன்னதற்கு, "அதான் அட்டையில இருக்கே அக்கா" என்றார். நல்லவேளை, அதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் இதே மோதிரத்தின் படத்தைப் போட்டு "ஒரிஜினல் டூர்மலின்" என்று அவரே அனுப்பியிருந்தார், பணமும் ஜிபேயில்தான் போனது. இன்றைக்கு என் மனு நிற்பது இந்த இரண்டின் மேல்தான்.

அட்டையில் ஒன்றுமே இல்லாதது உறுத்திக்கொண்டே இருந்ததால், மோதிரத்தைப் பெண்ணிடம் கொடுப்பதற்கு முன்பே சென்னையில் கல் சோதனைக் கூடம் ஒன்றுக்கு அனுப்பினேன். மோதிரத்திலிருந்து கல்லைக் கழற்றாமலே சோதித்துப் படத்தோடு அறிக்கை கொடுத்தார்கள். ஒளி விலகலை அளக்கும் கருவியில் டூர்மலின் வைத்தால் 1.62, 1.64 என்று இரண்டு அளவு காட்டும், இது 1.52 என்று ஒன்றே ஒன்றைக் காட்டியது. உள்ளே காற்றுக் குமிழி. முடிவு: செயற்கைக் கண்ணாடி, பின்பக்கம் மூடப்பட்டுள்ளது.

அந்த அறிக்கை கைக்கு வந்த பிறகுதான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கல் பதிக்கிற பெரியவர் ஒருவரிடம் போனேன், தம்பி முழுசாக வீடியோ எடுத்தான். அவர் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு ஒரு தடவை பார்த்தார், "இதைக் கழட்டித்தான் பாக்கணுமா தாயி?" என்று கேட்டுவிட்டு, கல்லைச் சுற்றியிருந்த தங்க ஓரத்தை மெல்லிய உளியால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார். லேசாகச் சூடு காட்டினார். கல் நழுவி அவர் உள்ளங்கையில் விழுந்தது. நிறமே இல்லை. சோடா பாட்டில் கண்ணாடி போல வெளுத்துக் கிடந்தது. பச்சை முழுவதும் மோதிரக் கிண்ணத்துக்குள்ளேயே இருந்தது, சுருங்கிப்போன ஒரு பச்சைத் தாளாக. அதற்கும் அடியில் அரக்கு. அதையும் சுரண்டி எடுத்துவிட்டுத் தராசில் வைத்தார். 6.1 கிராம் என்று முழுசுக்கும் தங்க விலை போட்டு வாங்கிய மோதிரம் 4.3 கிராம் நின்றது. கல்லுக்கு 40,000 கொடுத்தது போதாது என்று அதே கல்லையும் அரக்கையும் தங்க விலைக்கும் வாங்கியிருக்கிறேன்.

கடைக்காரரிடம் திரும்பப் போனபோது முதல் வார்த்தையே, "கல்லை நீங்களே மாத்திட்டு வந்திருக்கீங்க" என்பதுதான். சோதனை அறிக்கை கழற்றுவதற்கு முந்தைய தேதியில், மோதிரத்தோடு சேர்த்து எடுத்த படத்தோடு இருந்ததால் அதற்கு மேல் அந்தப் பாட்டைப் பாட முடியவில்லை. இந்த வரிசை முக்கியம்: முதலில் அறிக்கை, அப்புறம்தான் கல்லைக் கழற்றுவது. மாற்றிச் செய்தால் நம் பக்கம் பேச ஒன்றும் இருக்காது.

குரல் இறங்கியது. பணம் தர மாட்டேன், வேறு மோதிரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கண்ணைப் பறிக்கிற நீலத்தில் ஒன்றை எடுத்து வைத்து, "இது பரைபா டூர்மலின்க்கா, உலகத்துலயே காஸ்ட்லி, இதுவும் அதே துரை வீட்டுதுதான்." சிரிப்பு வந்துவிட்டது. செம்பு கலந்ததால் அந்த நீலம் வருகிற பரைபா, பிரேசிலில் அந்தப் பெயருள்ள மாநிலத்தில் 1980களின் கடைசியில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அது வைத்த பழைய மோதிரம் என்று யாராவது சொன்னால், பழசு பொய் அல்லது பரைபா பொய், பெரும்பாலும் இரண்டும்.

வாங்கித்தான் தீருவேன் என்பவர்களுக்கு. பின்பக்கம் திறந்த மோதிரமாகக் கேளுங்கள், பழைய மோதிரங்களிலேயே அப்படித் திறந்து கட்டியது எவ்வளவோ இருக்கிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, கல்லின் மேல்முகம் வழியாகக் கொஞ்சம் சாய்த்து உள்ளே பார்த்தால் டூர்மலினில் அடிப்பக்க விளிம்புக் கோடுகள் இரட்டை இரட்டையாகத் தெரியும், கண்ணாடியில் ஒற்றைதான். ரோஸ், சிவப்பு டூர்மலினில் உள்ளே கொஞ்சம் விரிசலும் கோடும் இருப்பது சாதாரணம், துளிகூடக் குறையில்லாமல் பெரிதாக, மலிவாகக் கிடைத்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அந்த விரிசலைப் பிசின் விட்டு அடைத்து விற்பதும் உண்டு, அடைத்திருக்கிறதா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். ஹால்மார்க் இருக்கிறது என்று மட்டும் நிம்மதி ஆகிவிடாதீர்கள். எச்.யு.ஐ.டி. என்று நகையில் பொறித்திருக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியை அரசின் பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டுப் பார்த்தால் தங்கத்தின் தரம் தெரியும், மேலே உட்கார்ந்திருக்கிற கல்லைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லாது. தங்கத்தின் நிகர எடை தனியாக, கல்லின் எடை தனியாக, கல்லின் பெயர் தனியாக பில்லில் வரவேண்டும். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

"திரும்பப் பெறப்படாது" என்ற ஸ்டாம்பைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில்லே தராமல் இருப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் முறையற்ற வணிகம், பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் கணக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு போன் செய்தால் முதலில் சமரசத்துக்கு முயற்சி செய்வார்கள், என் விஷயத்தில் கடைக்காரர் பதிலே சொல்லவில்லை, அதனால் மாவட்ட ஆணையத்துக்குப் போனேன். பொருளுக்கு நாம் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இணையத்திலேயே மனு போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

அந்த நீலக்கல் மோதிரம் இப்போது அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஓடுகிறது, அதே சமையக்காரம்மா கதையோடு. ஏற்காட்டில் பழைய மோதிரம் என்று டூர்மலின் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், கல்லைக் கழற்றாமல் சோதித்துவிட்டு, சீட்டு, பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள். ஒரே கடையாக இருந்தால் சேர்ந்தே மனு கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.